கோணலாய் ஒட்டிய சீட்டு

கதவு சாத்திக்கொண்டது.

மாரிசெல்விக்கும் அந்தச் சுரங்க ரயிலுக்கும் நடுவில் ஒரே ஒரு கண்ணாடி. அந்தப் பக்கம் ஜாஸ்பின் வாயைப் பிளந்து என்னவோ கத்தினாள். சத்தம் வரவில்லை. ஜாஸ்பினின் தோளில் இரண்டு பைகள் தொங்கின. ஒன்று அவளுடையது. இன்னொன்று மாரிசெல்வியுடையது. பாஸ்போர்ட், செல்போன், பணம், எல்லாம் அதற்குள்.

“கையுறை மாட்டிக்கிறேன்டீ, ஒரு நிமிசம் இதப் பிடி” என்று கொடுத்திருந்தாள். அந்த ஒரு நிமிஷத்தில்தான் ரயில் வந்தது, கூட்டம் தள்ளியது, கூட வந்த இருவரும் ஏறினார்கள், இவள் நின்றாள்.

ரயில் போயே போய்விட்டது.

2007 டிசம்பர். ஜெர்மனியில் ஆஹன் நகரத்தில் மேல்படிப்புக்கு வந்து மூன்றாவது மாதம். ஆமத்தூர் மாரிசெல்வி, விருதுநகர் ஜாஸ்பின், சிவகாசி அருள்பிரகாஷ். ஊரில் ஒருவரை ஒருவர் தெரியாது. பனி பெய்யும் ஊரில் ரசப்பொடியை வைத்துப் பழகிக்கொண்டார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளைக்குப் பாரிஸ் பார்த்துவிட்டு வரலாம் என்று மாணவர்களுக்கான மலிவு பஸ்ஸில் கிளம்பியது அருளின் யோசனை. இன்று ஞாயிறு. சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் திரும்புகிறது. எந்த இடத்திலிருந்து? அது அருளின் சட்டைப்பையில் மடித்து வைத்த தாளில் இருக்கிறது.

மாரிசெல்வி அடுத்த ரயிலில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்தாள். யாரும் இல்லை. ‘நம்மைத் தேடித் திரும்பிப் போயிருப்பார்கள்’ என்று பழைய ஸ்டேஷனுக்கே வந்தாள். அங்கேயும் இல்லை. இவள் போனபோது அவர்கள் வந்திருப்பார்கள், இவள் வந்தபோது அவர்கள் போயிருப்பார்கள்.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டாக இருந்தால் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லலாம். இங்கே யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

கையில் பேப்பர் இல்லாத வெளிநாட்டுக்காரி. போலீஸ்காரர் ஒருவர் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார். மாரிசெல்வி சுவரிலிருந்த வரைபடத்தைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

யோசி, செல்வி, யோசி. இந்த ஊரில் உனக்கு யாரைத் தெரியும்?

யாரையும் தெரியாது. ஜாஸ்பின் நம்பர்? போனுக்குள் இருக்கிறது. அருள் நம்பர்? அதுவும் போனுக்குள்தான். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அம்மாவுடையது.

அம்மா என்றதும்தான் பொறி தட்டியது.

இல்லை. இந்த ஊரில் அவளுக்கு ஒரு கடையைத் தெரியும்!

மூன்று வருஷத்துக்கு முந்தைய புரட்டாசி. அம்மா குருவம்மாள் வேலை பார்க்கும் கேலண்டர் கம்பெனியில் ஒரு ஆர்டர் சொதப்பிவிட்டது. பாரிஸில் ஒரு பலசரக்குக் கடைக்கு அடித்த கேலண்டர். முருகன் படம் பளிச்சென்று விழுந்திருந்தது. கடையின் கதவு எண்தான் தப்பு. நூற்றுத் தொண்ணூற்றாறுக்குப் பதிலாக நூற்று அறுபத்தொன்பது. கப்பல் தேதி கழுத்தை நெரித்தது. திரும்ப அடிக்க நேரமில்லை. சரியான விலாசத்தைச் சின்னச் சீட்டாக அடித்து, தப்பு விலாசத்தின் மேல் ஒட்டச் சொல்லி, கட்டுக் கட்டாக வீடுகளுக்கே கொடுத்துவிட்டார்கள்.

கல்லூரி விட்டு வந்தால் ஒட்டு. லீவு நாளில் ஒட்டு. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை வாடை சோற்றில்கூட அடித்தது.

“ஏத்தா, கோணலா ஒட்டாத. பாக்கிறவுக என்ன நெனப்பாக?” என்று அம்மா ஆயிரம் தடவை சொன்னாள்.

“சும்மா இரும்மா. பாரிசுல எவன் உத்துப் பாக்கப் போறான்?”

அந்த விலாசத்தின் பிரெஞ்சுத் தெருப் பெயரை அவளுக்கு இன்றுவரை வாயால் சொல்லத் தெரியாது. ஆனால் எழுதத் தெரியும். கண்ணை மூடினால் எழுத்து எழுத்தாக வந்து நிற்கும்.

டிக்கெட் ஜன்னலில் இருந்த அம்மாளிடம் ஜாடையில் பேனா கேட்டு, உள்ளங்கையில் எழுதிக் காட்டினாள். எண்ணை எழுதும்போது மட்டும் பேனா நின்றது. இரண்டு எண்களையும்தானே அத்தனை நாள் பார்த்தாள்! எது அடியில் இருந்தது, எது மேலே? விரலில் ஈரமாக ஒட்டியது எது?

நூற்றுத் தொண்ணூற்றாறு. எழுதிவிட்டாள்.

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். வரைபடத்தில் விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். லா சப்பல். கோட்டுப் பைக்குள் நாள் முழுதும் செல்லும் பயணச் சீட்டு பத்திரமாக இருந்தது. தெய்வமே!

லா சப்பலில் ஸ்டேஷன் படியேறி வெளியே வந்தால் குளிர் முகத்தில் அறைந்தது. எதிரே பார்த்தால் தமிழில் போர்டு! அடுத்த கடையிலும் தமிழ். வாழைக்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலைக் கட்டு. அவள் எண்களைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். மூன்று வருஷம் ஆகிவிட்டதே, கடை இருக்குமா? கைமாறியிருக்குமா?

வல்லிபுரம் ஸ்டோர்ஸ். இருந்தது.

கல்லாவில் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர். ஐம்பது வயதிருக்கும்.

“என்ன பிள்ளை வேணும்?”

அந்த யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டதும் அதுவரை வராத அழுகை பொத்துக்கொண்டு வந்தது. விக்கலுக்கு நடுவே சொல்லி முடித்தாள். அவர் பெயர் பரராஜசிங்கம். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“எல்லாம் சரி. என்ர கடை விலாசம் உமக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்கு சிவகாசிப் பக்கம், ஆமத்தூர். ஒங்க கேலண்டரு...”

“சிவகாசியோ?” அவர் புருவம் ஏறியது. “பிழை நம்பர் அடிச்சுப்போட்டு, எல்லாத்திலயும் ஒட்டுப் போட்டு அனுப்பின சிவகாசியோ?”

போச்சு! இருந்த ஒரு கதவும் சாத்தப் போகிறது.

“அடிச்சது கம்பெனி. ஒட்டுனது நானும் எங்கம்மாவும்” என்றாள் மெதுவாக.

அவர் அவள் கையைப் பார்த்தார். உள்ளங்கையில் மையால் எழுதிய தன் கடையின் விலாசத்தைப் பார்த்தார். பிறகு கடை அதிரச் சிரித்தார்.

“அப்ப உம்மட கை மூண்டு வருசத்துக்கு முந்தியே இஞ்ச வந்திட்டுது. ஆள்தான் பிந்தி! இரும், முதல்ல தேத்தண்ணி குடியும். அம்மான்ர நம்பரைச் சொல்லும்.”

ஆமத்தூரில் மணி அடித்தது. பின்னணியில் கேலண்டரின் மேல் ஓரத்தில் தகரப் பட்டை அடிக்கும் மெஷின் சத்தம். சீசன் நேரம், ஞாயிறு ராத்திரியும் வேலை.

“ம்மா, நாந்தான். ஜாஸ்பின் நம்பரு வேணும். ஆரோக்கியம் சிஸ்டர்ட்ட கேட்டுச் சொல்லு.” ஆரோக்கியம், ஜாஸ்பினின் அம்மா. விருதுநகரில் நர்ஸ். பிள்ளைகள் ஜெர்மனியில் பழகிய நாளிலிருந்து இரண்டு அம்மாக்களும் போனில் தோழிகள்.

“அவ ஒங்கூடத்தான இருக்கா?”

“இருந்தா.”

மெஷின் சத்தம் நின்றது. அம்மா வெளியே வந்துவிட்டாள் போல. “எங்கனடீ இருக்க இப்ப?”

“நாம சீட்டு ஒட்டுனோமேம்மா, அந்தக் கடையில.”

மாரிசெல்வி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“பாரிசு கடையிலயா?” என்றாள் குருவம்மாள். “நம்பரு சரியாத்தான் இருந்துச்சா?”

“சரியா இருந்ததாலதாம்மா ஒங்கிட்ட பேசிட்டு இருக்கேன்.”

“அப்பச் சரி. அழுவாத. இந்தா கேட்டுச் சொல்றேன்.”

தேநீர் ஆறுவதற்குள் நம்பர் வந்தது. பரராஜசிங்கமே பேசி, ஜாஸ்பினுக்கு வழி சொன்னார். மாரிசெல்வி கடை வாசலையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே இருட்டத் தொடங்கியபோது இரண்டு பேரும் மூச்சிரைக்க உள்ளே பாய்ந்தார்கள். ஜாஸ்பின் முதலில் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் கட்டிப்பிடித்து அழுதாள்.

“ஏ புள்ள, நீ தொலைஞ்சியா, இல்ல பலசரக்கு வாங்க வந்தியா?” என்றான் அருள். “போலீசுக்குப் போயி ஒன் அங்க அடையாளமெல்லாம் சொல்லியாச்சு. அந்தாளு எழுதவே மாட்டேங்கான்.”

“என்னலே சொன்ன?”

“குட்டையா இருப்பா, ரொம்பப் பேசுவான்னேன்.”

“பஸ்ஸுக்கு நேரமாகுது பிள்ளையள்” என்று பரராஜசிங்கம் வேன் சாவியை எடுத்தார். எடுத்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு சரக்கறைக்குள் போனார். “சாமிப் படத்தைக் குப்பையில போட மனம் வரேல்லை” என்று ஒரு பழைய கேலண்டரைக் கொண்டுவந்து விரித்தார்.

அதே முருகன். கீழே அந்தச் சீட்டு. இடப்பக்கம் ஏறி, வலப்பக்கம் இறங்கி, கண்ணை உறுத்தும் கோணலில் இருந்தது.

அம்மா ஒட்டியது இப்படி இருக்காது. இது மாரிசெல்வியின் கைதான். பாரிஸில் எவன் பார்க்கப் போகிறான் என்றாளே, பார்ப்பதற்கு அவளே வந்து நிற்கிறாள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தாள். அசையவில்லை.

பஸ் புறப்படும் நேரத்துக்கு வேன் போய்ச் சேர்ந்துவிட்டது. டிரைவர் கதவை மூடக் கை வைத்திருந்தார். மாரிசெல்வி குனிந்து பரராஜசிங்கத்தின் காலைத் தொடப் போக, அவர் பதறி விலகினார்.

“என்ன பிள்ளை இது! வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து ஒரு போன் அடியும், எனக்கு அதுவே காணும்.”

பஸ் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே கம்பளித் தொப்பி சின்னதாகி மறையும்வரை பார்த்தாள். டிக்கெட் ஜன்னல் அம்மாளின் பெயர்கூடத் தெரியாது. அவருக்கும் சேர்த்துக் கை அசைத்தாள். மடியில் பை. பக்கத்தில் ஜாஸ்பின் அவள் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

மாரிசெல்வி பையிலிருந்து தன் போனை எடுத்து ஆமத்தூருக்குப் பேசினாள்.

“பஸ் ஏறிட்டேம்மா. கடைக்காரரு பழைய கேலண்டரக் காட்டுனாரு. ஒண்ணு கோணலா இருந்துச்சு.”

“அது நீ ஒட்டுனதா இருக்கும்.”

“நானேதான்.”

“இருக்கட்டும், பிஞ்சு வராம இருந்துச்சுல்ல. நாளைக்கே அவுகளுக்கு நல்ல காரச்சேவு வாங்கி பார்சல் போடணும். எம் பிள்ளையப் பத்திரமா பஸ்ஸுல சேத்த மனுசரு.”

“விலாசம் சொல்றேன், யாரையாச்சும் எழுதிக்கச் சொல்லும்மா.”

“எனக்கா? நூத்தித் தொண்ணூத்தாறு” என்றாள் குருவம்மாள் கெத்தாக. “தெருப் பேரு வாயில நுழையாது. மிச்சம் ஒட்டாத சீட்டு ஒரு கட்டு பரண்ல கெடக்கு. பார்சல் மேல அதையே ஒட்டிருதேன். நேரா.”