மூன்றாம் மேசையின் பேச்சு

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் மூன்றாம் மேசைக்காரிக்கு ஒரு பழக்கம். காலை உடைத்துக்கொண்டவர் அழைத்தாலும் சரி, கையைச் சுட்டுக்கொண்டவர் அழைத்தாலும் சரி, திரையில் "மூச்சுத் திணறல்" என்ற கட்டத்தையும் சேர்த்துத் தட்டிவிடுவாள். அதைத் தட்டினால்தான் வண்டிகளைப் பிரித்து அனுப்பும் கம்ப்யூட்டர் சட்டென்று அசையும். வலியில் துடிக்கிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டுமா என்ன?

இன்று மத்தியானம் ஒரு பெரியவர் அழைத்தார். "அம்மா, என் வீட்டுக்காரி மூச்சு விட முடியாமத் தவிக்கிறா. உதடெல்லாம் நீலமாயிடுச்சு."

தட்டினாள். வரிசையில் நாலாவது இடம் என்று வந்தது. ஆத்திரத்தோடு "ஏன்?" பொத்தானை அழுத்தினாள். கேட்டால் காரணம் சொல்லும். அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டரிடம் அதில் மட்டும் குறையே கிடையாது.

"மூன்றாம் மேசை மூச்சுத் திணறல் என்று பதிந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது இல்லை. எனவே இம்மேசையின் பதிவுக்கு முக்கியத்துவம் குறைக்கப்பட்டது."

மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அதற்குள் பெரியவர் வீட்டுக்குப் பக்கத்தில் நின்ற வண்டி, கை முறிந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தது.

"மத்ததெல்லாம் தூரத்துல இருக்கும்மா. குறைஞ்சது இருபது நிமிஷம்" என்று மேலதிகாரி கையை விரித்தார்.

வண்டி வர நேரமாகும் என்று அவள் சொன்னதும், போனில் பெரியவர் கேட்டார். "ஏம்மா, நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லீங்கய்யா," என்றாள். "நீங்க உண்மையத்தான் சொன்னீங்க."