மரகதம் சொன்ன ‘ஹௌது’

நீலசந்திராவில் நாலு வீடுகளில் வேலை செய்து பிழைக்கும் மரகதத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். நாற்காலியில் உட்கார்ந்தவர் எதைக் கேட்டாலும் ‘ஹௌது சாமி’ என்று கன்னடத்தில் ஆமாம் போட்டுவிடுவாள். ரேஷன் கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் அப்படிச் சொன்னால்தான் காரியம் சீக்கிரம் நடக்கும் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. கோர்ட்டிலும் அதையே செய்து தொலைத்தாள்.

மரகதத்தின் புருஷன் செத்ததும், அண்ணன் தன் வீட்டைத் தனக்கே எழுதிக்கொடுத்துவிட்டான் என்று அவள் கொழுந்தன் வழக்குப் போட்டிருந்தான். அந்தப் புண்ணியவானின் பெயர் உத்தமன், வேறென்ன சொல்ல! அவனுடைய வக்கீல் அனந்தபத்மநாபன், கூண்டில் நின்றவளிடம் இனிக்க இனிக்கக் கேட்டார்.

“உங்க கணவர் சம்மதிச்சுத்தானே கையெழுத்துப் போட்டார்?”

“ஹௌது சாமி.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இருக்கிற ஒரே கூரையும் வாயாலேயே போயிற்று.

அவளுக்காக வாதாடிய சில்வெஸ்டர் பிரேசர் டவுன்காரர். ஒருமுறை எம்எல்ஏவாகி, மறுமுறை தோற்று, பழைய கறுப்புக் கோட்டுக்கே திரும்பியவர். மனுஷன் பதறவில்லை. நீதிபதியம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எழுந்தார்.

“மரகதம்மா, நான்தானே இந்த ராஜ்யத்துக்கு முதலமைச்சர்?”

“ஹௌது சாமி.”

“அனந்தபத்மநாபன் சார் உங்க கூடப்பொறந்த அண்ணன்தானே?”

“ஹௌது சாமி.”

கோர்ட்டே சிரித்தது. சில்வெஸ்டர் மட்டும் சிரிக்காமல் நீதிபதியைப் பார்த்தார். “நானும் சட்டசபையில அஞ்சு வருஷம் இதையேதான் சொல்லிட்டு உட்கார்ந்திருந்தேன். பயந்தவங்க வாயில வேற எதுவும் வராது.”

நீதிபதியம்மா மரகதத்தின் பக்கம் திரும்பினார். “பயப்படாதீங்க. நடந்ததைத் தமிழ்லயே சொல்லுங்க, எனக்குப் புரியும்.”

“பத்திரம் எழுதினதாச் சொல்ற மாசம் அவருக்குக் கை வெளங்கல சாமி,” என்றாள் மரகதம். “சோறே நான்தான் ஊட்டினேன். பேனாவை எங்கிருந்து புடிச்சாரு?”

பிறகு அவள் புருஷனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரும் வந்து அதையே சொன்னார். வீடு மரகதத்துக்கே என்று தீர்ப்பானது.

கோர்ட் வாசலில் அவள் சில்வெஸ்டரின் காலில் விழப்போனாள். அவர் பின்வாங்கிக்கொண்டார். “நீங்க நல்லா இருக்கணும் சாமி. இனிமே நான் நிம்மதியாத் தூங்குவேன்னா அது உங்க புண்ணியம்,” என்று அழுதாள்.

அந்த நேரம் பார்த்து அவருக்குக் கட்சி ஆபீசிலிருந்து போன். பேசி முடித்தவருக்கு முகமெல்லாம் பல்.

“மறுபடியும் எலெக்‌ஷன்ல நிக்கச் சொல்றாங்க மரகதம்மா. நிக்கட்டுமா?”

“வேணாம் சாமி,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “அங்க ஆமாம் போட எத்தனையோ பேர் இருக்காங்க. இங்க எங்களுக்கு நீங்க ஒருத்தர்தான்.”

சில்வெஸ்டர் அங்கேயே கட்சி ஆபீசைக் கூப்பிட்டு, வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.