மதகடி ஞானஸ்நானம்

எங்கள் போதகர் மாசிலாமணிக்கு ஓட்டின் மேல் அப்படியொரு ஆசை. ஜெபவீட்டுக் கூரை வெறும் கீற்று. நான் முன்னால் நின்று பாட்டை எடுக்கும்போது மேலிருந்து பூரான் விழும். ஒருமுறை முனியம்மாள் மடியிலேயே தேள் விழுந்து, சபை பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே ஓடியது. அன்றிலிருந்து போதகரின் எந்த ஜெபமும் ஓட்டைத் தொடாமல் ஆமென் ஆனதில்லை.

என் பெயர் விருத்தாசலம். வாரம் முழுக்கத் திண்டிவனத்து மல்லாட்டை மில்லில் நிலக்கடலை மூட்டை தூக்குவேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி ஜால்ராவும் என் தொண்டையும்தான் சபைக்குச் சங்கீதம். நான் எடுத்தால் எடுப்பார்கள், ஜால்ராவைச் சேர்த்து அடித்தால் நிறுத்துவார்கள். நான் அடிக்கும்வரை பல்லவி சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும்.

நாங்கள் பாப்டிஸ்டுகள். நெற்றியில் நாலு சொட்டு தெளிப்பதெல்லாம் எங்களிடம் செல்லாது. வயது வந்தவர் தன் வாயால் விசுவாசத்தைச் சொல்லி, ஏரியில் இறங்கி, தலை முழுக வேண்டும். ஆள் இறங்கும்போது நான் பாட்டை எடுப்பேன். சரணத்தின் கடைசி அடியில் போதகர் முக்குவார். எழும்பும்போது எல்லோரும் பல்லவி பாடுவார்கள். அப்படி முழுகாதவருக்குக் கர்த்தரின் பந்தியில் அப்பமும் கிடையாது, திராட்சரசமும் கிடையாது.

என் பெண்சாதி பாஞ்சாலி முழுகாதவள். அவள் குற்றமில்லை. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றி, ஏரியில் முழங்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை. பந்தியன்று அப்பத்தட்டு வரும்போது கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தட்டுக்கு வழிவிட்டுச் சாய்ந்துகொள்வாள். கூலிக்களத்தில்கூட யாருக்கும் முன்னால் தலை குனியாதவள். அதைப் பார்த்துக்கொண்டே நான் பாட வேண்டும். எரியும் எனக்கு.

முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் மழை கொட்டியது. ஏரி ததும்பியது. “இந்த வாட்டி மொதல் ஆளு நீதாம்மா” என்று போதகரே வீட்டுக்கு வந்து சொன்னார். பாஞ்சாலி வெள்ளைப் புடவையைத் துவைத்து மடித்து வைத்தாள்.

அதற்குள் கோதண்டபாணி வந்து சேர்ந்தார். ஊர்த்தெருப் பண்ணைக்காரர். எங்கள் சேரியில் பாதிப்பேருக்கு அவர் நிலத்தில்தான் வேலை, எல்லோருக்கும் அவர் ஆண்டை. தீராத வயிற்றுவலிக்காகப் போதகரைக் கூப்பிட்டு ஜெபிக்கச் சொன்னார். வலி நின்றது. ஞானஸ்நானம் எடுக்கிறேன், ஜெபவீட்டுக்கு ஓடும் போட்டுத் தருகிறேன் என்றார். போதகருக்குத் தரையில் கால் பாவவில்லை. முதல் ஞாயிறே ஆண்டையின் வேலையாள் வெங்கடாசலம் வீட்டிலிருந்து நாற்காலி சுமந்து வந்தான். நாங்கள் பாயில், அவர் நாற்காலியில். அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாக வந்தவர், போகப்போகச் சரியாகிவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஞானஸ்நானத்தன்று காலையில் எல்லோரும் ஏரி மதகடியில் கூடியிருந்தோம். போதகர் என்னைத் தனியே இழுத்தார்.

“விருத்தாசலம், மொதல்ல ஆண்டை எறங்கட்டும். பாஞ்சாலி அப்புறம்.”

“ஏனுங்க?”

“சேரி ஜனம் முங்கின தண்ணியில எப்படி எறங்கறதுன்னு யோசிக்கிறாரு. ஆண்டவருக்கு வரிசையா முக்கியம்?”

“முக்கியமில்லன்னா அவரையே கடைசியா நிக்க வைங்களேன்.”

“பேஜாரு பண்ணாதப்பா. ஓடு வர்ற நேரம்.”

எங்கள் சேரியிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், சேரி ஜனம் என்கிறார். வாயில் கெட்ட மல்லாட்டையைக் கடித்த மாதிரி இருந்தது. துப்பவும் முடியவில்லை. பாஞ்சாலிதான் என் கையைப் பிடித்தாள்.

“போவட்டும் வுடு. ரெண்டு வருசம் நின்னவ, ஒரு பாட்டுக்கு நிக்க மாட்டனா?”

அவளுக்காகப் பாட்டை எடுத்தேன். கோதண்டபாணி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். போதகர் ஒரு கையை அவர் முதுகிலும் ஒரு கையை மார்பிலும் வைத்து, கடைசி அடியில் முக்கி எழுப்பினார். ஜனம் பல்லவியைப் பிடித்துக்கொண்டது. முனியம்மாள் அழுதேவிட்டாள். உள்ளதைச் சொன்னால், எனக்கே ஒரு கணம் மனசு இளகியது.

கோதண்டபாணி கரையேறினார். அங்கே அவருடைய வில்வண்டி நின்றது. வெங்கடாசலம் அதிலிருந்து பித்தளைக் குடங்களை இறக்கினான். ஆண்டை வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். அவர் குந்தி உட்கார, அவன் தலையில் ஊற்றினான். அப்புறம் சீயக்காய். போதகரின் கை பட்ட முதுகை அவன் தேய்த்தான், மார்பை அவரே தேய்த்துக்கொண்டார். எங்களில் ஒருவன் தெரியாமல் மோதிவிட்டால் ஊர்த்தெருக்காரர்கள் வீட்டுக்குப் போய்க் குளிப்பார்களே, அதே தீட்டுக் குளியல். எடுத்த ஞானஸ்நானத்தை எங்கள் கண்ணெதிரிலேயே கழுவிக்கொண்டிருந்தார்.

நான் ஜால்ராவைச் சேர்த்து அடிக்க மறந்து நின்றுவிட்டேன். அதனால் ஜனம் பல்லவியைப் பாடிக்கொண்டே இருந்தது. அந்தக் குளியலுக்கு எங்கள் பல்லவி! ஓங்கி அடித்து நிறுத்தினேன்.

போதகர் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, பெருமுக்கல் மலை அன்றைக்குத்தான் முளைத்தது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“பாஞ்சாலி, வாம்மா.”

அவள் இறங்கினாள். வெள்ளைப் புடவை தண்ணீரில் உப்பிக்கொண்டு மிதந்தது. போதகர் கையை நீட்டினார். அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

“கைய கழுவுங்க.”

“என்னம்மா?”

“அவரைத் தொட்ட கை அது. கழுவிட்டு என்னத் தொடுங்க.”

“தண்ணியிலதானம்மா நிக்கிறேன்!”

“பத்தாது. அவரு தேய்ச்ச மாதிரி தேய்ச்சிக் கழுவுங்க. அவரு பாக்கறாப்புல.”

கரையில் கோதண்டபாணி தலை துவட்டுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். போதகரின் முகம் வெளுத்தது.

“மெல்லப் பேசும்மா. அவரு காதுல வுழும்.”

“வுழட்டும்னுதான் சொல்றேன். உங்கள தீட்டுன்னு கழுவிக்கினு போறாரு, நீங்க மலைய பாத்துக்கினு நிக்கிறீங்க. அந்தக் கையால முங்கி நான் எந்தப் பந்தியில ஒக்கார்றது?”

சேற்றை எடுத்து இரண்டு தேய் தேய்த்திருந்தால் போதும். ஓடு போயிருக்கும், அவ்வளவுதான். போதகர் நீட்டிய கையை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினார். அது அங்கேயே கிடந்தது, அசையவில்லை.

பாஞ்சாலி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு திரும்பிக் கரையேறினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. தலைமுடி மட்டும் நனையவில்லை. இரண்டு வருஷம் காத்திருந்தவள் இடுப்புவரை நனைந்து திரும்பி வந்தாள். போதகர் மேல் எனக்கு வந்த அருவருப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை.

வரிசையில் அடுத்தவள் முனியம்மாளின் மருமகள் சின்னபொண்ணு. அந்த வீடே ஆண்டை நிலத்தில்தான் பிழைக்கிறது. அவள் வண்டியைப் பார்த்தாள், பாஞ்சாலியைப் பார்த்தாள். பிறகு ஓரடி பின்னால் வைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் நகர்ந்தார்கள்.

“பாட்டை எடு, விருத்தாசலம்” என்றார் போதகர்.

மதகடித் தண்ணீரில் அவரைத் தவிர யாருமில்லை. நான் ஜால்ராவை மடியில் செருகிக்கொண்டேன்.

“யாருக்குங்க?” என்று கேட்டேன்.