ஹால்வர் கட்டிய தோட்டாக்கள்

அப்பாவின் சாவுச் சாப்பாட்டுக்காக ரொட்டிகளுக்கு நடுவே பன்றி இறைச்சித் துண்டுகளை வைத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த டார்லா, தேவாலயத்தின் கீழ்க்கூடத்துப் படிகளில் தம்பி இறங்கி வருவதைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். அவன் இரண்டு கைகளாலும் தூக்கி வந்தது அப்பாவின் மரப்பெட்டி. வீட்டு பேஸ்மென்ட்டில், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பெட்டி.

லோவல் அதைக் காபிக் குடுவைக்கும் கேக் தட்டுக்கும் நடுவில் இடம்பண்ணி வைத்தான். உள்ளே கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் மான் துப்பாக்கிக்கான தோட்டாக்கள் முனை கீழாக நின்றன.

"கதவை எப்படிடா திறந்தே?" என்றாள் குரலைத் தாழ்த்தி.

"கீல் ஆணியைத் தட்டி எடுத்தேன். எங்கப்பா வீட்டுக் கதவைத் திறக்க நான் யாரைக் கேக்கணும்?"

"லோவல், அதை எடுத்துட்டுப் போயிடு."

"வெர்லின் செத்தப்ப அவரோட தோட்டாவை வெச்சாங்க. அப்பாவுக்கு மட்டும் எதுக்கு இல்லாம போகணும்?"

அவன் சொன்னது நியாயம்தான். அப்பாவோடு மான் வேட்டைக்குப் போகும் ஊர்க் கிழவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. யாராவது போய்விட்டால், அவர் கடைசியாகக் கட்டிவைத்த தோட்டாக்களில் ஆளுக்கு ஒரு டப்பா எடுத்துக்கொள்வார்கள். சாப்பாடு முடிந்ததும் ஊருக்கு வெளியே சரளைக் குழிக்குப் போய், ஆளுக்கு ஒரு வெடி வெடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பிப்ரவரியில் சவம் புதைக்க மண் வெட்ட முடியாது. உறைந்து கல்லாக இறுகிக் கிடக்கும். அப்பா ஹால்வரின் சவப்பெட்டியும் மயானத்துக் கொட்டகையில் ஏப்ரல் வரை காத்திருக்கத்தான் போகிறது. ஆகையால் அந்த வெடிச் சத்தம்தான் அவர்களுக்கு அடக்கம்.

அதிலும் ஹால்வரின் தோட்டா என்றால் சும்மாவா. அடுத்தவன் கட்டிய தோட்டாவைத் தன் துப்பாக்கியில் போடக்கூடாது என்பது வேட்டைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். வெடிமருந்து கொஞ்சம் கூடினாலும் வேறு மருந்து கலந்தாலும் துப்பாக்கி சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும். அந்த விதிக்கு ஹால்வர் ஒருவர்தான் விலக்கு. நவம்பரில் சுட்ட பித்தளைக் கூடுகளை எல்லோரும் அவரிடம் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவர் பனிக்காலம் முழுக்க பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து, கூடுகளைக் கழுவி, அடியில் தீப்பொறி கிளப்பும் புதுக் கேப்பு பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, முனையில் ஈய ரவையை வைத்து அழுத்தி, வசந்தத்தில் திருப்பிக் கொடுப்பார். ஒரு தோட்டா பிசகியதாகப் பேச்சே இல்லை. பேசத் தெரியாத மனிதர். அவருக்குக் கிடைத்த மரியாதையெல்லாம் அந்த டப்பாக்களில்தான் இருந்தது.

அது டார்லாவுக்குத் தெரியாதா என்ன.

இரண்டு இலையுதிர்காலத்துக்கு முன்னால் அவர் தன் வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, வழியே போனவரிடம் தன் வீட்டுக்கே வழி கேட்டார். அதைக் கேள்விப்பட்டு ஃபார்கோவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். எண்ணெய்க் கிணற்று வேலை என்று லோவல் வில்லிஸ்டனிலேயே இருந்துகொண்டான். அப்பா காபியில் உப்பைப் போட்டார். அவளை அம்மாவின் பெயரைச் சொல்லி "அயோனி" என்று கூப்பிட்டார். ஆனாலும் காலைக் கஞ்சி முடிந்ததும் பேஸ்மென்ட்டுக்கு இறங்கிவிடுவார். தோட்டா அழுத்தும் எந்திரத்து நெம்புகோலின் கடக், கடக் சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். அது கேட்கிறவரை அவள் நிம்மதியாகச் சமைப்பாள்.

கிறிஸ்துமஸும் புது வருஷமும் கழிந்து ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட இறங்கியவள், மேசையில் இரண்டு மருந்து டப்பாக்கள் மூடி திறந்து கிடப்பதைக் கண்டாள். மருந்து கலந்துவிடாமல் மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம் என்பது அவர் போட்ட சட்டம். அவள் பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து கேட்ட சட்டம். அவரை மேலே அனுப்பிவிட்டு, மூடிகளைத் திருகி மூடி, டப்பாக்களை அலமாரியில் வைத்தாள். கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்து மாட்டினாள்.

மறுநாள் அவர் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பையாகத் தடவிப் பார்த்தார்.

"சாவியை எங்கேயோ வெச்சுட்டேன் போலிருக்கு."

"தேடித் தர்றேன்பா" என்றாள் டார்லா. சாவி அவள் கம்பளிச் சட்டைப் பையில் இருந்தது.

அதற்கு மறுநாளும் அதையே சொன்னாள். அவர் கோட்டுப் பைகளை வெளியே இழுத்துப் பார்த்தார், சர்க்கரை டப்பாவுக்குள் பார்த்தார், தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு தேடுவதை விட்டார். சமையலறை நாற்காலியில் அந்தக் கதவைப் பார்த்தபடி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை கஞ்சி ஆறிக்கொண்டிருக்க, அதே நாற்காலியில் போய்ச் சேர்ந்தார்.

இப்போது கிழவர்கள் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். அப்பாவின் நெருங்கிய சிநேகிதர் ஆர்லின் முதல் டப்பாவைக் கையில் எடுத்திருந்தார். மற்றவர்களும் ஆளுக்கொன்று எடுத்து, அன்போடு எடை பார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரும் அதைச் சுடாதீங்க" என்றாள் டார்லா.

"என்ன உளர்றே?" என்றான் லோவல்.

"அப்பாவுக்குப் புத்தி தடுமாறிப்போச்சு. ரெண்டு மருந்தையும் கலந்திருப்பார். என் கண்ணால பாத்தேன். யாருக்காவது கண்ணு போயிடும்."

லோவலின் முகம் சிவந்தது. "இன்னும் மண்ணுக்குள்ள கூடப் போகலை அவர். அதுக்குள்ள அவர் சிநேகிதங்க முன்னாடி பைத்தியக்காரனாக்கிட்டே."

"நீ வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

கிழவர்கள் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். முதலில் ஆர்லின்தான் தன் டப்பாவை மரப்பெட்டிக்குள் திரும்ப வைத்தார். பிறகு ஒவ்வொருவராக வைத்தார்கள். சத்தம் வராமல், பார்த்துப் பார்த்து வைத்தார்கள். வைத்து முடித்ததும் ஒருவர், இந்தத் தடவை எலுமிச்சைக் கேக் நன்றாக வந்திருக்கிறது என்றார். இன்னொருவர், ஆமாம், மெத்தென்று இருக்கிறது என்றார். அந்த ஊரில் இழவு வீட்டில் எது நடந்தாலும் கேக்கைப் பாராட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

சரளைக் குழிக்கு யாரும் போகவில்லை.

பெட்டியை அவள் வண்டிவரை தூக்கி வந்தது ஆர்லின். பின்கதவை மூடியதும், தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு நின்றார்.

"நீ செஞ்சது சரிதாம்மா. நானே ரெண்டு வருஷமா அவன் கட்டினதைச் சுடறதில்லை."

டார்லா அவரைப் பார்த்தாள்.

"கழட்டி மருந்தைப் பனியில கொட்டிடுவேன். வெறும் கேப்பை மட்டும் வெடிச்சுட்டு, சுட்ட கூடு மாதிரி அவன்கிட்டயே திருப்பிக் கொடுப்பேன். 'மான் எப்படி விழுந்துது'ம்பான். 'ஒரே குண்டுல சுருண்டுச்சு ஹால்வர்'ம்பேன். என்ன ஒரு சந்தோஷம் அவனுக்கு. நான் மான் அடிச்சே மூணு வருஷம் ஆகுது."

டார்லாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தான் ஒருத்தி மட்டும் இல்லை. "நிறைய கெட்டுப்போயிருந்துதா?" என்று கேட்டாள்.

"எது?"

"அப்பா கட்டினது. கழட்டினப்ப பாத்திருப்பீங்களே."

ஆர்லின் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதை நான் எடை போட்டுப் பாக்கலையேம்மா. உன்னை அயோனின்னு கூப்பிட்டானே, அதுவே எனக்குப் போதும்னு இருந்துது."

வீட்டில் பேஸ்மென்ட் கதவு, கீல் கழன்று சுவரில் சாய்ந்து நின்றது. பூட்டு அப்படியே அதில் தொங்கியது. டார்லா கறுப்புக் கவுனை மாற்றாமலே பெட்டியோடு இறங்கினாள். உயரத்திலிருந்த சின்ன ஜன்னலில் பனி பாதிவரை மூடியிருந்தது. மீதிப் பாதியில் பகல் வெளிச்சம் வந்தது.

மேசைமேல் அப்பாவின் தராசு அவர் வைத்த இடத்தில் இருந்தது. மான் தோட்டாவுக்கான எடையில் அவர் நகர்த்திவைத்த எடைக்கல்லை யாரும் தொடவில்லை. முதல் டப்பாவைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்தாள். தோட்டாவைக் கழற்றுவதற்கென்றே இருக்கும், உள்ளே குழிவான சுத்தியலின் வாயில் அதைச் செருகி, சிமெண்டுத் தரையில் ஓங்கி அடித்தாள். மூன்றாவது அடியில் ரவையும் மருந்தும் கழன்று சுத்தியலின் குடுவைக்குள் விழுந்தன. மருந்தை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். மான் தோட்டாவுக்கான மருந்து பொடிப்பொடிக் குச்சிகளாக இருக்கும். அன்று மேசையில் கூடத் திறந்து கிடந்த மற்ற டப்பாவில் இருந்தது கசகசா மாதிரி உருண்டை. கையில் இருந்தது முழுக்கக் குச்சி. தராசுத் தட்டில் போட்டாள். முள் ஏறி, ஆடி, சரியான எடைக்கான கோட்டில் வந்து நின்றது.

ஒன்று சரியாக இருந்தால் என்ன. அடுத்ததை அடித்தாள். அதுவும் கோட்டில் நின்றது.

லோவல் படியிறங்கி வந்தபோது அவள் இரண்டாவது டப்பாவில் இருந்தாள். அவன் டையைக்கூடத் தளர்த்தவில்லை. அப்பாவின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த ரெண்டு டப்பா?" என்றான்.

அவள் அலமாரியைக் காட்டினாள். அவன் இரண்டையும் எடுத்து, ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோனான்.

"மோந்து பாத்திருப்பார்" என்றான் மெதுவாக. "பழைய மருந்து கெட்டா புளிச்ச வாடை வரும். புது வருஷம் பொறந்தா எல்லாத்தையும் ஒரு தடவை திறந்து மோந்து பாப்பார். சின்ன வயசுல எனக்கும் நீட்டுவார். நீ அப்பல்லாம் கீழ வரவே மாட்டே."

டார்லா சுத்தியலை ஓங்கி அடித்தாள். ஒன்றாவது கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அடித்தாள். ஒரே ஒரு தோட்டாவில் ஒரே ஒரு உருண்டை இருந்தால் போதும், அந்தப் பூட்டுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். சர்க்கரை டப்பாவுக்குள் அவர் கைவிட்டுத் தேடியதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். தேவாலயத்தில் தன் வாயிலிருந்து வந்தது பொய்யாகாமல் இருந்திருக்கும். குச்சிகள் மட்டுமே விழுந்தன. முள் கோட்டில் நின்றது.

"போதும் டார்லா."

"இல்லை."

டப்பாக்கள் எல்லாம் காலியாயின. ஜாம் புட்டியில் கொட்டிய மருந்து கழுத்துவரை வந்துவிட்டது. அவன் எழுந்து மேசையின் ஓரத்தில் ஒரு துணியை விலக்கினான். கீழே அப்பாவின் மரக்கட்டை இருந்தது. கூடுகளை நிறுத்திவைக்க வரிசையாகத் துளை போட்ட கட்டை. முன்வரிசைகளில் நின்ற கூடுகளில் மருந்து போட்டிருந்தது, ரவை இன்னும் வைக்கவில்லை. பின்வரிசைகள் வெறுமையாக இருந்தன. அவள் சாப்பிடக் கூப்பிட்டபோது பாதியில் எழுந்து, தூசி விழாமல் துணியைப் போட்டு மூடிவிட்டு, படியேறியிருக்கிறார்.

லோவல் டார்ச்சை எடுத்துக் கூடுகளுக்குள் அடித்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருந்தது. அவன் டார்ச்சை அணைத்துவிட்டான்.

டார்லா முதல் கூட்டை எடுத்துத் தட்டில் கவிழ்த்தாள். முள் ஏறியது, கொஞ்சம் ஆடியது, கோட்டில் நின்றது. தட்டைப் புட்டியில் கொட்டிவிட்டு, அடுத்த கூட்டுக்குக் கையை நீட்டினாள்.