ஆளுயரத் தண்ணீருக்கு ஆதாரம்

1

இந்தக் கதை என் பொய்யிலிருந்து பிறந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு சிற்றிதழில் சென்னை வெள்ளத்தைப் பற்றிக் கதை எழுதினேன். 'முடிச்சூரில் மூன்றாம் குறுக்குத் தெருவில் ஆளுயரத் தண்ணீர்' என்று அதில் ஒரு வரி. வெள்ளம் வந்த வாரம் நான் மதுரையில், மைத்துனன் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தெருவை நான் பார்த்ததே இல்லை. ஆளுயரம் என்பது கைக்கு வந்த சொல். எழுதினேன், மறந்தும் போனேன்.

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். "சார், உங்க கதையில வர்ற அந்த ஆள் எவ்ளோ உயரம்?"

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'கனவு ததும்பும் கண்களோடு ஆஃபியா கல்லூரி வாசலில்—'

வேண்டாம். அவள் கண்களை நான் எங்கே பார்த்தேன்? தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். வயது பத்தொன்பது. வீடு கிழக்குத் தாம்பரம். பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாமாண்டு. கருத்தரங்கில் வாசிக்க அந்த வகுப்பிலிருந்து தேர்வானது அவள் கட்டுரை மட்டும்தான். தலைப்பு: '1.83 மீட்டர்: முடிச்சூர் வெள்ளமும் மனை விற்பனையும்'. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் இறுதிப் பிரதியைக் கொடுக்க வேண்டும். எனக்குப் போன் வந்தது புதன்கிழமை.

3

அவள் கல்லூரி நூலகர் ஜோசலினை அதட்டல் குரலுள்ள ஐம்பது வயதுக்காரியாக எழுதி வைத்திருந்தேன். (படித்துக் காட்டியபோது ஆஃபியா சிரித்துவிட்டாள். "ஐயோ சார், மேம்க்கு முப்பதுகூட ஆகல. ஸ்கூட்டில பாட்டு பாடிக்கிட்டே வருவாங்க.")

செவ்வாய்க்கிழமை கடைசி மணி, யாருக்கும் வேண்டாத நேரம், ஜோசலினுடையது. தகவலைத் தேடுவது எப்படி, நம்புவது எப்படி என்று பாடம். பயிற்சி ஒன்றே ஒன்று. உங்கள் கட்டுரையிலிருந்து ஒரு எண்ணை எடுங்கள். இதை யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது? 'நானே பார்த்தேன்' என்று ஒருவர் சொல்லும்வரை விடாதீர்கள்.

எனக்குப் போன் செய்வதற்கு முந்தைய வாரம், இருப்பதிலேயே உறுதியானது என்று ஆஃபியா 1.83ஐ எடுத்தாள். "டெசிமல்லாம் இருக்கே சார், யாராவது டேப் வச்சு அளந்திருப்பாங்கன்னு நினைச்சேன்."

4

அந்த எண் ஓர் ஆங்கில அறிக்கையில் இருந்தது. அறிக்கை ஓர் இணையதளத்தைக் கைகாட்டியது; அங்கே 'ஆறடி'. இணையதளம் ஒரு வலைப்பூவைக் காட்டியது. அந்தப் பக்கமோ அழிந்துவிட்டிருந்தது. அழிந்த பக்கங்களுக்கும் எங்காவது பழைய பிரதி இருக்கும் என்று ஜோசலின் சொல்லிக்கொடுத்திருந்தாள். மூன்று நாள் துழாவி ஆஃபியா அதைப் பிடித்தாள். அங்கே 'ஆளுயரம்', பக்கத்தில் என் பெயர்.

என் ஆளுயரம் ஒருவர் கையில் ஆறடி ஆயிற்று, இன்னொருவர் கையில் மீட்டர் ஆயிற்று.* நடுவில் ஒருவர்கூட முடிச்சூருக்குப் போகவில்லை. விமர்சகர்கள்கூட என் வரி எதையும் இவ்வளவு ஊன்றிப் படித்ததில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

* நான் ஐந்தடி நாலங்குலம். என்னையே அந்த ஆளாக வைத்திருந்தால் 1.63.

5

'நானே பார்த்தேன்' என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும். அவள் தலைப்பு பிழைக்கும், என் மானமும் பிழைக்கும். வாய்வரை வந்துவிட்டது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. நான் பாக்கல. அந்த வாரம் மதுரையில இருந்தேன்."

 "அப்போ என் டைட்டிலே போச்சு" என்றாள். குரல் உடைந்திருந்தது. சும்மா பார்த்தேன் என்றே சொல்லியிருக்கலாமோ என்று—

"சார், இதை நீங்க சொன்னதா போட்டுக்கலாமா? தேதி, நேரத்தோட?"

"எதை?"

"நீங்க பாக்கலைங்கறதை."

போட்டுக்கொள்ளச் சொன்னேன். அழுகை இன்னும் அடங்காத குரலில் என் பெயருக்கு எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தாள். அந்த நிமிடம் அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பின்னால் இன்னொரு குரல் கேட்டது, ஜோசலினாக இருக்க வேண்டும்: "ரெண்டு நாள் இருக்குல்ல? முடிச்சூர் என்ன டெல்லியிலயா இருக்கு?"

6

முடிவு ஒன்று: வியாழக்கிழமை ஆஃபியா மூன்றாம் குறுக்குத் தெருவில் இறங்குகிறாள். ஒருவர் இடுப்பைத் தொட்டுக் காட்டுகிறார், எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் மேல் கம்பியை— (நிறுத்து. நீ போனாயா?)

முடிவு இரண்டு: நேரம் தவறுகிறது, கருத்தரங்கில் அவள் பெயரை— (இதையும் நான் பார்க்கவில்லை.)

என்னிடம் இருப்பது வியாழன் காலை பதினொரு மணிக்கு வந்த ஒரு செய்திதான்: "தலைப்புல இருந்த நம்பரை எடுத்துட்டேன் சார். மூணாவது வீட்டு வாசல்ல நிக்கிறேன். இவங்க அன்னிக்கு இங்கதான் இருந்திருக்காங்க."

அவர்கள் என்ன அளவு சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டு இங்கே எழுதினால், இன்னும் ஒன்பது வருடம் கழித்து வேறொரு பெண் அதைத் துரத்திக்கொண்டு என்னிடமே வந்து நிற்பாள். கதைக்காரனிடமிருந்து எண் வாங்காதீர்கள். அன்று அந்தத் தெருவில் நின்றவர் நீங்கள் என்றால், முடிவு உங்களுடையது:

வீட்டு எண் ______. தண்ணீர் ______ வரை வந்தது.

அங்கே இல்லாதவர்கள் தயவுசெய்து காலியாக விட்டுவிடுங்கள். இல்லாமலே நிரப்பியவன் நான் ஒருவன் போதும்.