பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

சுவர் மிகவும் சுத்தமாக இருந்தது. அதுதான் பிரச்சினை.

ஊரப்பாக்கத்தில் ரயில் பாதைக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கிறது அந்த அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. டிசம்பர் புயலில் ஏரி வழிந்தது. பள்ளிக்குள் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. தரைத்தளத்து நூலகத்தில் அறுநூற்று நாற்பது புத்தகங்கள் இருந்தன. அலமாரிகளின் மேல் இரண்டு தட்டுகளில் இருந்தவை தப்பின. மற்ற நானூற்றுப் பன்னிரண்டும் ஊறி, உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஊராட்சி டிராக்டர் அவற்றை அள்ளிக்கொண்டு போனது.

நூலகர் என்று தனியாக யாரும் இல்லை. தமிழாசிரியை சாஹிராதான் பார்த்துக்கொண்டாள். சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்ட வேண்டும் என்று கதைப் புத்தகங்களைக் கீழ்த்தட்டுகளில் வைத்ததும் அவள்தான். தப்பியவை அகராதிகளும் பழைய ஆண்டு மலர்களும்.

ஜனவரியில் அடையாற்றில் உள்ள ஓர் அறக்கட்டளை, வெள்ளத்தில் நூலகத்தை இழந்த பள்ளிகளுக்கு நிதி தருவதாக அறிவித்தது. சாஹிரா ஒன்பது பக்க விண்ணப்பத்தை நிரப்பினாள். புத்தகப் பதிவேடு மாடியில் இருந்ததால் நனையவில்லை. அதைப் பார்த்து, இழந்த புத்தகங்களின் பட்டியலை எழுதி இணைத்தாள். நிதி வராவிட்டால் ஜூனில் அந்த அறை ஆறாம் வகுப்பு பி பிரிவுக்குப் போய்விடும் என்று தலைமை ஆசிரியர் சத்தியநாதன் சொல்லியிருந்தார். காலி அலமாரிகளுக்கு ஓர் அறை எதற்கு என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது. அறக்கட்டளையிலிருந்து ஜோவிதா என்ற பெண் பேசினாள். வியாழக்கிழமை நேரில் பார்க்க வருவதாகச் சொன்னாள். விண்ணப்பத்தில் போட்டோ ஒன்றுகூட இல்லையே என்று கேட்டாள். எடுக்கவில்லை என்றாள் சாஹிரா. பரவாயில்லை, தண்ணீர் நின்ற கோடு சுவரில் இருக்கும், அதை அளந்துகொள்கிறேன் என்றாள் ஜோவிதா. போன வருடம் ஓரிடத்தில் நனையாத நூலகத்துக்குப் பணம் போய்விட்டதாம். அதற்குப் பிறகு கண்ணால் பார்க்காமல் அவள் கையெழுத்துப் போடுவதில்லை.

போட்டோ இல்லாததற்குக் காரணம் சத்தியநாதன். தண்ணீர் வடிந்த அன்றே அவர் ஆசிரியர்களைக் கூட்டிச் சொல்லிவிட்டார். இந்தக் கோலத்தில் பள்ளியின் படம் ஒன்றும் வெளியே போகக் கூடாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வேன் வைத்து நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. சேற்றைப் பார்த்தால் பெற்றோர் டி.சி. கேட்பார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் பணியிடம் போகும். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் பள்ளியைக் கழுவி முடித்தார்கள்.

ஏழாம் வகுப்புத் தமிழினியின் அப்பா மோகன்ராஜ் பெயிண்ட் வேலை எடுத்துச் செய்பவர். கூலி வாங்காமல் தரைத்தளம் முழுக்க வெள்ளை அடித்துக் கொடுத்தார். பொங்கல் விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பெஞ்சு, பீரோ ஒன்று விடாமல் நகர்த்தி அடித்திருக்கிறார், காசு கொடுத்தால்கூட யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று சத்தியநாதன் மைக்கில் சொன்னார். மோகன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

புதன்கிழமை மாலை சத்தியநாதன் அவரை நூலகத்துக்கு வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னார். நேராக எதுவும் கேட்கவில்லை. அந்தக் கோடு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

"இதுக்கா சார் பேஜாராவுறீங்க?" என்றார் மோகன்ராஜ். "டீ டிகாஷன்ல கொஞ்சம் காவி, கொஞ்சம் சேறு. பழைய பிரஷ்ல ஒரு இழுப்பு. அந்த ஏரியே வந்து பார்த்தாலும் நம்ம தண்ணிதான்னு சொல்லும்."

சத்தியநாதன் சிரிக்கவில்லை. காய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். காலைக்குள் காய்ந்துவிடும் என்றார் மோகன்ராஜ். எவ்வளவு உயரம் போட வேண்டும் என்று கேட்டார். சத்தியநாதன் தன் இடுப்பைக் காட்டினார். சாஹிரா தன்னையறியாமல் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினாள். பிறகு கையை இறக்கினாள்.

"வேணாம் சார்."

"தண்ணி நின்னது நிஜம்தானே? இல்லாததையா சொல்றோம்?"

"நிஜம்தான். அதனாலதான் வேணாம்னு சொல்றேன். நாளைக்கு அவங்க தொட்டுப் பார்த்து வெரல்ல காவி ஒட்டிச்சுன்னா, நானூத்திப் பன்னெண்டு புக்கும் பொய்யாயிடும்."

"அப்ப என்னத்தக் காட்டப் போறீங்க?"

"வெள்ளைச் சுவரைத்தான்."

"ஆறு பி-க்கு பெஞ்சு சொல்லிடறேன்" என்றார் சத்தியநாதன்.

மோகன்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூலையில் இருந்த பச்சை இரும்பு பீரோவைப் பார்த்தார். வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு ஜோவிதா ரயிலில் வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்கும். தோளில் பை, கையில் ஓர் அளவு டேப். நூலகத்தின் நான்கு சுவர்களையும் பார்த்தாள். பிறகு சாஹிராவைப் பார்த்தாள்.

சாஹிரா நடந்ததைச் சொன்னாள். பாதியில் சத்தியநாதன் குறுக்கிட்டார். போட்டோ எடுக்கக் கூடாது என்று சொன்னது தான்தான், டீச்சர் மேல் தப்பில்லை என்றார். சாஹிரா அதை எதிர்பார்க்கவில்லை.

ஜோவிதா பதிவேட்டைப் புரட்டினாள். தான் நம்புவதாகச் சொன்னாள். ஆனால் படிவத்தில் தண்ணீரின் உயரத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டால் மேலே போகாது. கேள்விப்பட்டதை அதில் எழுதவும் அவளுக்கு அனுமதியில்லை. டீ வந்தது. மூவரும் குடித்தார்கள்.

அப்போது மோகன்ராஜ் வந்தார். வேலைக்குப் போகும் சட்டை இல்லை, தேய்த்த சட்டை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், அந்த பீரோவ நகத்துங்க."

"எதுக்குண்ணா?"

"அதுக்குப் பின்னால நான் பெயிண்ட் அடிக்கல."

சத்தியநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். "எல்லாத்தையும் நகர்த்தி அடிச்சேன்னு சொன்னீங்களே?"

"நான் எங்க சார் சொன்னேன்? நீங்கதான் மைக்ல சொன்னீங்க. அத்தினி பேரு கை தட்டிகினு இருக்கசொல்ல, இல்ல சார்னு எப்படி சொல்றது?"

உள்ளே பழைய வருகைப் பதிவேடுகள் ஊறி உப்பியதில் பீரோ கல்லாகிவிட்டதாம். கதவும் திறக்கவில்லை. அவருடைய ஆட்கள் இரண்டு பேர் தள்ளிப் பார்த்துவிட்டு, சுற்றி அடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். அவரும் பார்த்தார், விட்டுவிட்டார். ராத்திரி மகள் தமிழினியிடம் சொன்னாராம். அவள் ஒன்றும் பேசவில்லையாம். அதுதான் தாங்கவில்லை என்றார்.

நான்கு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். ஜோவிதாவும் கை கொடுத்தாள். பீரோ முதலில் அசையவில்லை. பிறகு தரையைக் கீறிக்கொண்டு ஓர் அடி நகர்ந்தது. பிறகு இன்னும் இரண்டு அடி.

பின்னால் ஒரு பீரோ அளவுக்குப் பழைய மஞ்சள் சுவர் இருந்தது. அதில் நேராக ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே மஞ்சள் வேறு நிறமாகியிருந்தது. சேறு காய்ந்து செதில் செதிலாக ஒட்டியிருந்தது.

ஜோவிதா டேப்பை இழுத்தாள். மூன்றடி எட்டு அங்குலம். அலமாரித் தட்டுகளையும் அளந்தாள். கீழ் மூன்று தட்டுகள் கோட்டுக்குக் கீழே இருந்தன. சாஹிரா சுவர் அருகே போய் நின்று பார்த்தாள். நேற்று அவள் கை வைத்துக் காட்டிய இடம்தான்.

தரையில், பீரோ இருந்த இடத்தில், ஒரு புத்தகம் கிடந்தது. ஊறிக் காய்ந்து கெட்டியாகியிருந்தது. ஜோவிதா அதை இரண்டு கையாலும் எடுத்தாள். அட்டையின் உட்புறத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய எண் மட்டும் தெரிந்தது. 417. இழந்த புத்தகங்களின் பட்டியலில் அதைத் தேடினாள். இல்லை.

சாஹிரா பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். ஆமைகளைப் பற்றிய படப்புத்தகம்.

"இது வெள்ளத்துல போகலை மேடம். நாலு வருஷத்துக்கு முன்னாடியே காணாமப் போச்சு. அதான் லிஸ்ட்ல சேர்க்கலை."

"இதுவும் நனைஞ்சுதானே இருக்கு?"

"நனைஞ்சிருக்கு. ஆனா அதுக்கு முன்னாடியே தொலைஞ்சுடுச்சு."

வந்ததிலிருந்து ஜோவிதா முதல் முறையாகச் சிரித்தாள். கட்டத்தில் உயரத்தை எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். மற்ற பக்கங்களைப் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லிக் கோப்பை மூடினாள்.

நிதி மே மாதம் வந்தது. ஒரு நிபந்தனையோடு வந்தது. புத்தகம் எதுவும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது. சாஹிரா அலமாரிகளுக்கு உயரமான இரும்புக் கால்கள் போட வைத்தாள். ஆறு பி மாடிக்குப் போனது. பீரோவைக் காலி செய்து வராந்தாவில் வைத்தார்கள். அந்த மஞ்சள் சுவருக்கு ஒரு கோட் அடித்துவிடுகிறேன் என்று மோகன்ராஜ் இரண்டு தடவை கேட்டார். வருகிற போகிற வாத்தியார் எல்லாம் தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்றார். சாஹிரா சம்மதிக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்றாள்.

இப்போது சின்னப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகங்கள் எட்டவில்லை. மோகன்ராஜ் ஒரு தச்சரிடம் சொல்லி இரண்டு படி வைத்த ஸ்டூல் ஒன்று செய்து வாங்கினார். தானே பச்சை பெயிண்ட் அடித்து, ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, நூலக வகுப்புக்கு முன்னால் தலையில் வைத்துக் கொண்டுவந்தார்.

பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். முதலில் ஏறப்போவது யார் என்று முன்னால் சண்டை நடந்தது.

"இருங்க" என்றாள் சாஹிரா. ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

மோகன்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பாருங்க டீச்சர். நல்லா பாருங்க."

அடியிலும் அடித்திருந்தார். இரண்டு கோட்.