கொட்டகைக்குள் விழுந்த வெயில்

முட்டைப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுவது என் வேலை. 'வெளியில் உலவும் கோழிகள்' என்று பச்சை எழுத்து, பக்கத்தில் புல்லைக் கொத்தும் ஒரு கோழிப் படம். என் கணவர் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் எந்தக் கோழியும் புல்லைக் கண்டதில்லை. கூண்டு கிடையாது, அது உண்மைதான். ஆனால் கால் வைக்க இடமில்லாமல் நெருக்கியடித்து நிற்கும். வெளிப்பக்கம் ஒரு பெரிய தகரக் கதவும் உண்டு. அதை யாரும் திறந்ததில்லை. கேட்டால், "கதவு இருக்குல்ல, அப்புறமென்ன?" என்பார் முதலாளி.

அன்று காலை முதலாளி அரக்கப் பரக்க வந்தார். "லேபிள்ல இருக்கறது நெசமான்னு பாக்க சோதனை அதிகாரி வர்றாராம். கதவத் திறந்து கோழிங்கள வெளிய விடு. ஏதாவது ஏடாகூடமாச்சு, ரெண்டு பேரும் ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட வேண்டியதுதான்."

ரூம் என்றால் பண்ணைக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறை. அதை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை.

"வேணாங்க, அதுங்க மங்கல் பல்புலயே வளந்ததுங்க" என்றார் என் கணவர்.

"வெயிலப் பாத்தா கோழி செத்துடுமா? போய்யா, வேலையப் பாரு!"

என் கணவர் கதவைத் திறந்தார். வெயில் ஒரேயடியாக உள்ளே விழுந்தது. ஐயோ, அந்தச் சத்தம்! ஒன்றுகூட வெளியே போகவில்லை. அத்தனையும் எதிர்ச்சுவருக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. குவியல் என் இடுப்புயரம் வந்துவிட்டது. அடியில் கிடந்தவற்றுக்கு மூச்சுமுட்டியது. இவர் உள்ளே ஓடி, கைக்கு அகப்பட்டதையெல்லாம் இழுத்து இழுத்துப் போட்டார். இழுத்த இடத்தில் வேறு பத்து ஏறின.

"கதவ மூடு! இருட்டானாத்தான் அடங்கும்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

"மூடினே, தொலைச்சிடுவேன்" என்று முதலாளி குறுக்கே நின்றார். அதே நேரம் வாசலில் அதிகாரியின் கார் வந்து நின்றது.

எங்கள் பாத்திரமும் பாயும் தெருவில் கிடப்பது கண்முன் வந்தது. குவியலுக்குள் ஒரு கோழி கீச்சென்று கத்தி, பாதியில் நின்றது. போயும் போயும் கோழிக்காகவா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த மனிதரைத் தள்ளிவிட்டு உள்ளே போய், கதவை இழுத்துத் தாழிட்டேன். இவர் பல்பையும் அணைத்தார்.

இருட்டு. சிறகடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. இவர் மூச்சு வாங்குவது கேட்டது.

கதவைத் தட்டினார்கள். "யாரும்மா உள்ள? அதிகாரி வந்திருக்கேன், திறங்க."

"திறந்தா கோழிங்க செத்துடும் சார்." கேட்கட்டும் என்று இன்னொரு முறை சொன்னேன்.

அதிகாரி கதவைத் தட்டுவதை நிறுத்தினார்.

"இந்தக் கதவ இதுக்கு முன்னாடி எப்ப திறந்தீங்க?"

என்ன சொல்வதென்று நான் விழிப்பதற்குள், இருட்டுக்குள்ளிருந்து என் கணவர் பதில் சொன்னார்.

"இன்னிக்குத்தான் சார், மொத தடவையா."